குடிக்கிற பஞ்சு

கட்டினவன் நல்லவனாக அமைந்தால் பாதி அதிர்ஷ்டம் என்பார்கள். மீதிப் பாதி யார் கையில் என்று யாரும் சொல்வதில்லை. அது ஓரகத்தி கையில் இருக்கிறது. மாமியார் இன்றைக்கு இருப்பாள், நாளைக்குக் கண்ணை மூடுவாள். நாத்தனார் கல்யாணமாகிப் போய்விடுவாள். புருஷன் விடிந்தால் வேலைக்கு. அண்ணன் பெண்டாட்டியும் தம்பி பெண்டாட்டியும்தான் ஒரே அடுப்படியில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு ஆயுசு முழுக்கக் கிடக்க வேண்டும். ஓரகத்தி ஒத்துப்போனால் அது வீடு, ஒத்துப்போகாவிட்டால் வெறும் கூரை.

கப்சிப்புக்கு அந்தப் பாதி கொட்டிக் கொடுத்த மாதிரி வாய்த்தது.

கப்சிப் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவளுடைய அப்பா சைக்கிள் பழுது பார்ப்பவர். அவருக்கு ஐந்தும் பெண்கள், இவள் நடுப்பெண். மூத்தவை இரண்டும் முந்திக்கொண்டு பேசும். கடைசி இரண்டும் அழுது காரியம் சாதிக்கும். நடுவில் இருந்தவள் தன் முறை வரும் வரும் என்று காத்திருந்தே பேச்சுப் பழக்கம் விட்டுப்போனவள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த அன்றைக்கு மூத்த மருமகள் அவள் முகவாயைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, "அடியே, ஒரு இருமலாவது இருமு. நீ வந்திருக்கியா இல்லையான்னே தெரியல. சரியான கப்சிப்பா இருக்கியே!" என்றாள். அன்றிலிருந்து அதுவே பெயர்.

பதிலுக்குப் பெயர் வைக்கக் கப்சிப்புக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. ஒரு நாள் வாசலில் வந்து நின்ற பால்காரர், "உள்ள என்னம்மா அவ்வளவு சத்தம், விருந்தாளியா?" என்று கேட்டார். கப்சிப் வாய் திறந்து, "ரேடியோ," என்றாள். உள்ளே இருந்தவள் காதில் விழுந்து, கரண்டியும் கையுமாக வெளியே வந்து சிரித்த சிரிப்பில் பால்காரர் அளவு மறந்து கூட ஊற்றிவிட்டுப் போனார். கோபித்துக்கொள்ள ஆயிரம் காரணம் இருந்தும் கோபித்துக்கொள்ளாதவள் ரேடியோ. அவள் ஒற்றைப் பிள்ளை. அவளுடைய அப்பா பஞ்சு மில்லில் நின்று நின்று, இயந்திரத்தின் இரைச்சலில் காதைத் தொலைத்தவர். அவருக்குக் கேட்கும்படி உரக்கவும், கேட்டிருக்காதோ என்று திரும்பத் திரும்பவும் பேசிப் பழகியது அவள் தொண்டை. கேட்கிற காது கிடைத்த பிறகும் அந்தத் தொண்டைக்கு அடங்கத் தெரியவில்லை.

ரேடியோ வீட்டுக்காரர் வண்டி ஓட்டினார், அற்பாயுசில் போனார். தம்பி, அதாவது கப்சிப் வீட்டுக்காரர், இரும்புப் பட்டறையில் கடைசல் வேலை செய்பவர். ரேடியோவுக்கு ஒரே மகள். கப்சிப்புக்குப் பிள்ளை இல்லை. ஆனால் அந்த மகளுக்குத் தலை பின்னிவிட்டதும் காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் யார் கை என்று கேட்டால், அவளே யோசித்துத்தான் சொல்லுவாள்.

காளான் விதை வேலை வீட்டுக்கு வந்ததும் ரேடியோவின் வாயால்தான். இரண்டு தெரு தள்ளி ஒருவர் கொட்டகை போட்டுக் காளான் வளர்த்தார். எந்நேரமும் தலையில் தொப்பி. தொப்பி வைத்தவன் தொப்பி வைத்ததைத்தானே வளர்ப்பான் என்று ரேடியோ அவருக்குத் தொப்பிக்காரர் என்று பெயர் சூட்டியிருந்தாள். அவர் தூரத்திலிருந்து விதை வரவழைப்பார். வழியில் வெந்து வீணாகி வந்து சேரும். அதை அவர் புலம்பிக்கொண்டிருந்தபோது, வேலியோரம் நின்ற ரேடியோ, "அதுக்கென்ன, நாங்க வீட்லயே போட்டுத் தர்றோம்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். காளான் விதை கறுப்பா சிவப்பா என்றுகூட அப்போது அவளுக்குத் தெரியாது. பிறகு இருவரும் கற்றுக்கொடுக்கிற இடத்துக்குப் போய்க் கற்றார்கள். ரேடியோ கேள்வி கேட்டாள். கப்சிப் பார்த்துக்கொண்டாள்.

காளானுக்கு மண்ணில் ஊன்றுகிற விதை கிடையாது. சோளத்தை அவித்து, புட்டியில் போட்டு, அதில் காளானின் வெள்ளை நூலை ஓட விட வேண்டும். நூல் ஓடி வெளுத்துப்போன சோளம்தான் விதை. கேட்க எளிது. அவித்த சோளம் காளானுக்கு மட்டுமா சோறு? காற்றில் திரிகிற அத்தனை பூசணத்துக்கும் அது விருந்து. முந்தினவனுக்குப் பந்தி. வெள்ளை நூல் சாது, மெல்ல நடக்கும். பச்சைப் பூசணம் சண்டியர், ஒரு துளி உள்ளே போனால் போதும், இலையைப் பிடுங்கி உட்கார்ந்துவிடும்.

அதனால் வேலை முழுக்கக் காவல் வேலை. சோளத்தை அவிக்கையில் மணி வீங்க வேண்டும், வெடிக்கக் கூடாது. வெடித்தால் மாவு கசிந்து பிசுபிசுத்துப் புளித்துப்போகும். துணியில் பரப்பி, அள்ளினால் கையில் ஈரம் ஒட்டாத வரைக்கும் உலர்த்த வேண்டும். சுண்ணாம்புத் தூள் கலந்து உதிரியாக்கிப் புட்டியில் நிரப்பி, புட்டியின் வாயைப் பஞ்சால் அடைத்து, மேலே காகிதம் சுற்றிக் கட்டி, பெரிய குக்கரில் ஆவி கட்டி வேகவைக்க வேண்டும். ஆறின பிறகு இருக்கிறது கண்டம். தாய்ப் புட்டியைத் திறந்து, வெள்ளை ஓடிய சோளத்தில் கொஞ்சம் எடுத்து, புதுப் புட்டிக்குள் போட வேண்டும். திறந்து மூடுகிற அந்த நேரம்தான் திருடன் நுழைகிற நேரம்.

அதற்கென்று மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத அறையைக் கழுவி வைத்திருந்தார்கள். மின்விசிறி கிடையாது. மேஜையையும் கையையும் ஸ்பிரிட்டால் துடைத்து, அது உலர்ந்த பிறகு சின்ன விளக்கைக் கொளுத்தி, அந்தச் சுடர் ஓரத்தில்தான் புட்டியைத் திறப்பது. வாய்க்குக் கொதிக்க வைத்த துணி. துணி கட்டினாலும் பேச்சுக் கூடாது. பேச்சோடு எச்சில் தெறிக்கும், எச்சிலோடு கிருமி போகும். விளக்கு ஏறினால் வாய் இறங்க வேண்டும், அதுதான் அந்த அறையின் சட்டம்.

ரேடியோவுக்கு இது ஆயுள் தண்டனை மாதிரி. உள்ளே போகும் முன் வாசலில் நின்று, "வேற ஏதாவது சொல்லணுமா, இப்பவே சொல்லிடறேன்," என்று மூட்டையைக் கொட்டுவாள். வெளியே வந்து துணியை அவிழ்த்தாள் என்றால் அணை திறந்துவிட்டது. கொழுந்தனார், "அண்ணி, மூச்சு விட்டுட்டுப் பேசுங்க," என்பார். "மூச்சை உள்ளேயே விட்டுட்டு வந்துட்டேன் தம்பி," என்பாள்.

உள்ளே மட்டும் அவள் வேறு ஆள். ஒருத்தி புட்டியின் கழுத்தைச் சுடரில் காட்டிப் பஞ்சைக் கழற்ற, ஒருத்தி கரண்டியால் எடுத்துப் போட, நாலு கையும் ஒரே உடம்பின் கை மாதிரி போகும். மேஜையை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் பஞ்சை எடு. இரண்டு தட்டு என்றால் நெருப்பில் காட்டு. மேஜையை நகத்தால் கீறினால், சிரிப்பு மூட்டாதே என்று அர்த்தம். கீறுவது எப்போதும் கப்சிப்தான். ரேடியோ வாயை மூடினாளே தவிர, புருவத்தை யாரால் மூட முடியும்? தொப்பிக்காரர் நடப்பது, பக்கத்து வீட்டுக்காரி மூக்கைச் சிந்துவது எல்லாவற்றையும் இரண்டு புருவத்தாலேயே நடித்துக் காட்டுவாள். கப்சிப் துணிக்குள் குலுங்கிக்கொண்டே நகத்தால் கீறு கீறு என்று கீறுவாள். வாழ்க்கையில் அவள் அதிகமாகப் பேசியது அந்த மேஜையில்தான்.

பஞ்சு வாங்குவது ரேடியோவின் பொறுப்பு. மெத்தை தைப்பவர் கடைக்குப் போய் வாங்கி வருவாள். பழுப்பு நிறம், இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கொட்டைத் தூசி இருக்கும். ஒரு தடவை தொப்பிக்காரர் புட்டியைத் தூக்கிப் பார்த்து, "என்னம்மா, தலகாணியைக் கிழிச்சு அடைச்ச மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டார். கப்சிப்புக்குச் சுருக்கென்றது. அடுத்த தடவை அவளே மருந்துக்கடைக்குப் போய், நீல உறையில் சுற்றிய பஞ்சு வாங்கி வந்தாள். பாலாடை மாதிரி வெள்ளை, தூசி தும்பு இல்லை. காயத்துக்கு வைக்கிற பஞ்சைவிடச் சுத்தம் எங்கே இருக்கும் என்பது அவள் கணக்கு. ரேடியோ அதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள். சொல்லிக்கொண்டே பால் பொங்குகிறதே என்று ஓடினாள், ஓடிக்கொண்டே வேறு எதையோ சொன்னாள். ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கிற வீட்டில் செய்தி எப்போது வந்தது, விளம்பரம் எப்போது வந்தது என்று யார் கவனிப்பார்கள்?

அதற்கப்புறம் வந்தது பச்சை.

முதலில் ஒரு புட்டி, பிறகு ஒரு வரிசை, பிறகு அலமாரி முழுக்க. புட்டியின் கழுத்தில், பஞ்சுக்கு நேர் கீழே, பாசி பிடித்த மாதிரி ஆரம்பித்து உள்ளே இறங்கியது. கப்சிப் அலமாரி எதிரில் நின்று நின்று யோசித்தாள். கழுத்தில் ஆரம்பிக்கிறது என்றால் மேலிருந்து ஏதோ விழுந்திருக்கிறது. மேலே என்ன இருக்கிறது? குனிந்து நிற்கிற ஒரு வாய் இருக்கிறது. சைகை பண்ணுகிறேன் பேர்வழி என்று ரேடியோ துணிக்குள் முணுமுணுத்ததும், ஒரு நாள் சிரிப்பை அடக்க முடியாமல் 'புர்'ரென்று விட்டதும் நினைவுக்கு வந்தன. நினைவு ஒரு பக்கம் சாய்ந்தால் எல்லாம் அந்தப் பக்கமே உருளும்.

அந்தச் சமயத்தில் ரேடியோவின் மகள் தூரதேசத்திலிருந்து வந்திருந்தாள், வயிற்றில் இரண்டாவது பிள்ளை. எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருந்தபோது தொப்பிக்காரர் விதை வாங்க வந்தார். புட்டிகளைப் பார்த்தார். "என்னம்மா இது, காளான் விதை கேட்டா கீரை விதை குடுக்கறீங்க?"

கப்சிப்புக்கு என்ன தோன்றியதோ, வாயைத் திறந்தாள். "எல்லாம் எங்க அக்கா வாயாலதாங்க. அந்தக் கடையைச் சாத்தினாத்தான் இந்தக் கடை நடக்கும்."

ஒரு நொடி யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. அப்புறம் வாசலே சிரித்தது. தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கப்சிப்பும் சிரித்தாள். அவள் பிறந்ததிலிருந்து சொன்ன முதல் நகைச்சுவை அது, அவளுக்கே பெருமையாக இருந்தது. ரேடியோவும் சிரித்தாள். "பார்றா, கப்சிப்புக்குக்கூட வாய் மொளச்சிடுச்சு," என்றாள்.

அதுதான் அவள் அந்த வீட்டில் நீட்டிப் பேசிய கடைசி வாக்கியம்.

மகள் ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவாள், "அம்மா, எங்கூட வந்து கொஞ்ச நாள் இருங்களேன்" என்று. ரேடியோ ஒவ்வொரு தடவையும், "நான் வந்துட்டா இவ ஊமையாயிடுவா," என்று தட்டிவிடுவாள். இந்தத் தடவை மகள் கேட்டதும், "சரி, போலாம்," என்றாள். அவ்வளவுதான். சண்டை இல்லை, முகத்தைத் தூக்கவில்லை. கிளம்பும்போது கப்சிப்பின் தலையைத் தடவினாள். விமானம் ஏறிப் போய்விட்டாள்.

சண்டை போட்டுப் போனவளை வா என்று கூப்பிடலாம். சிரித்துவிட்டுப் போனவளை எப்படிக் கூப்பிடுவது?

கப்சிப் தனியாக அந்த அறைக்குள் போனாள். துணி இரண்டையும் கொதிக்க வைத்தாள், பழக்கம். ஒன்றைக் கட்டிக்கொண்டு, மற்றதை ஆணியில் மாட்டினாள். ஒற்றைக் கையால் புட்டியைக் காட்டி, மற்றக் கையால் எடுத்துப் போட்டாள். உள்ளங்கைக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் பஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர் ஒத்தாசைக்கு வந்தார், வந்தவர் தும்மினார். "பட்டறைத் தூசி, என்ன பண்றது," என்று வெளியே போய்விட்டார். பிறகு அவள் மட்டும். மூச்சைக்கூடத் தலையைத் திருப்பித்தான் விட்டாள். அந்த அறையில் அவ்வளவு அமைதி அதற்கு முன் இருந்ததே இல்லை.

அப்படியும் பச்சைதான் வந்தது.

இப்போது யார் வாய்? அவள் அலமாரி எதிரில் நின்றாள். பதில் சொல்ல அலமாரிக்கு வாய் இல்லை.

நடுநடுவே மகள் போன் செய்வாள். "சித்தி, அம்மா இங்க பேசவே மாட்டேங்கறாங்க. கேட்டா 'ம்'ங்கறாங்க. தொண்டையில ஏதாவதோன்னு டாக்டர்கிட்ட காட்டினேன். ஒண்ணுமே இல்லைன்னுட்டார். நீங்க பேசுங்க சித்தி."

போன் கை மாறும்.

"அக்கா."

"ம்."

"சாப்டியா?"

"ம். நீ?"

"ம்."

அதற்கு மேல் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "போனைப் புடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் மௌன விரதமா?" என்பார். கப்சிப் போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போவாள். பேசாமல் இருப்பது அவள் தொழில். அதை ரேடியோ எடுத்துக்கொண்டால் அவளுக்கு என்ன மிச்சம்? அடுப்படியில் தாளிக்கிற சத்தம், குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. முன்பெல்லாம் அவற்றின் மேல் ஒரு குரல் போர்வை மாதிரி கிடக்கும். இப்போது ஒவ்வொரு சத்தமும் அம்மணமாக நின்றது.

குளிர்பெட்டியின் அடித்தட்டில் ஒரே ஒரு தாய்ப் புட்டி மிச்சம். பழைய நாளில் ரேடியோ அடைத்தது. பழுப்புப் பஞ்சு, அதில் அவள் கட்டைவிரல் அழுத்திய பள்ளம் அப்படியே இருந்தது. மற்றத் தாய்ப் புட்டிகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. இதை மட்டும் கப்சிப் திறக்கவில்லை. திறந்தால் பள்ளம் கலைந்துவிடும். ஆனால் தாயும் என்றைக்கும் இளமையாக இருக்காது. வெள்ளை மெல்லப் பழுப்பேறிக்கொண்டிருந்தது. சீக்கிரம் எடுத்துப் போடாவிட்டால் அந்த வம்சமே முடிந்துவிடும். எடுத்துப் போட்டு அதுவும் பச்சையாகிவிட்டால்?

ஒரு நாள் கெட்ட புட்டிகளைக் கொதிநீரில் போட்டு எடுத்து, பின்புறக் குழாயடியில் கழுவ உட்கார்ந்தாள். வாளியில் தண்ணீர். கழற்றிய வெள்ளைப் பஞ்சுகளை எறிந்துகொண்டே இருந்தாள். அலமாரி மூலையில் கிடந்த ஒரு பழைய புட்டியும் அன்றைக்கு வெளியே வந்திருந்தது. அதன் பழுப்புப் பஞ்சும் கை தவறி வாளியில் விழுந்தது.

வெள்ளைப் பஞ்சுகள் ஒவ்வொன்றாக மூழ்கிப்போயின. பழுப்புப் பஞ்சு மேலே மிதந்தது. விரலால் அமுக்கிப் பார்த்தாள். அது துள்ளிக்கொண்டு மேலே வந்தது. மேலே எடுத்துத் தட்டினால் உள்ளே பொட்டு ஈரம் இல்லை. அடியில் கிடந்த வெள்ளையை எடுத்துப் பிழிந்தாள். ஒரு வாய்த் தண்ணீர் கொட்டியது.

கப்சிப் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். குக்கர் ஆவியை அந்தப் பஞ்சு குடித்திருக்கிறது. ஈரத்தைக் குடித்துவிட்டு வாயில் உட்கார்ந்திருக்கிறது. காற்றில் போகிற பூசணம் அந்த ஈரத்தில் இறங்கி, வேர் விட்டு, பஞ்சு வழியாகவே படி இறங்கி உள்ளே போயிருக்கிறது. கழுத்தில் ஆரம்பித்ததற்குக் காரணம் ரேடியோவின் வாய் இல்லை, புட்டியின் வாய்.

அப்போது அவள் காதில் அந்தக் குரல் கேட்டது. இத்தனை நாள் எங்கே கிடந்ததோ. அடுப்பில் பால், கையில் நீல உறை, ஓடிக்கொண்டே சொன்னது: "அடியே, இது வெளுத்த பஞ்சு, எண்ணெயெல்லாம் எடுத்துட்ட பஞ்சு. எங்கப்பா சொல்வார், குடிக்கிற பஞ்சு, புண்ணுக்கு ஆகும், வேற ஒண்ணுக்கும் ஆகாது. ஐயோ பால் பொங்குதே, அந்தப் பக்கத்து வீட்டுக்காரி பாரு, மறுபடியும்..."

சொல்லியிருக்கிறாள். சொன்னதை விட்டுவிட்டுச் சொன்ன வாயைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் இவள்.

மறுநாள் மெத்தைக் கடைக்குப் போனாள். தையல்காரர் நிமிர்ந்து பார்த்து, "எங்கம்மா உங்க அக்கா? அவங்க வராம கடை துக்க வீடு மாதிரி இருக்கு," என்றார். பஞ்சை உதறிக் கட்டிக்கொண்டே, "வந்தா மொதல்ல ஒரு டம்ளர் தண்ணி கேப்பாங்க. பேசிப் பேசித் தாகம் போலன்னு குடுப்பேன். அதுல பஞ்சைப் போட்டுப் பாத்துக்கிட்டு நிப்பாங்க. நான், 'என்னம்மா, பஞ்சுக்கு நீச்சல் பழக்கறீங்களா'ன்னு கேப்பேன்," என்றார்.

கப்சிப்புக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்டாள். பஞ்சைப் போடவில்லை, குடித்தாள்.

புதிதாகச் சோளம் அவித்தாள். பழுப்புப் பஞ்சை உருட்டி அடைத்தாள், விரலால் அழுத்தினால் கழன்று வராத இறுக்கம், காற்று மட்டும் போய்வருகிற தளர்வு. ஆவி காட்டி ஆற வைத்தாள். இனி தாய்ப் புட்டியைத் திறக்க வேண்டும். அதற்கு முன் பேச வேண்டும். சோளம் ஆறுகிற நேரம் முழுக்க வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள், பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி.

வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து போனை நிற்க வைக்க ஒரு இரும்புத் தாங்கி கடைந்து வந்திருந்தார். "ஏன் எதுக்குன்னு கேக்கமாட்டேன். உங்க ரெண்டு பேர் விவகாரம்," என்று வைத்துவிட்டுப் போனார். அதையும் போனையும் ஸ்பிரிட்டால் துடைத்து அறைக்குள் அலமாரித் தட்டில் நிறுத்தினாள். முகம் பார்த்துப் பேசுகிற விதமாகக் கூப்பிட்டாள். திரையில் ரேடியோ வந்தாள். இளைத்திருந்தாள். மடியில் பேரப்பிள்ளை, இன்னும் தலை நிற்காத குழந்தை, தூங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, குறுக்கப் பேசாத."

"நான் எங்க பேசுறேன்."

"பச்சை உன் வாயால வரலை. பஞ்சால வந்துச்சு. நான் வாங்கின பஞ்சு. நீ அன்னைக்கே சொன்ன, அது குடிக்கிற பஞ்சுன்னு. நான் காதுல வாங்கலை. நீ போனப்புறம் இங்க நான் ஒருத்திதான். பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. அப்பவும் பச்சைதான் வந்துச்சு. நான் எல்லார் முன்னாடியும் உன்னைச் சொல்லிட்டேன். சொல்லிட்டுச் சிரிச்சேன்." மூச்சு வாங்கியது. இவ்வளவு நீளம் அவள் பேசியதே இல்லை. மனப்பாடம் செய்ததில் மிச்சம் மறந்துபோனது.

ரேடியோ குழந்தையின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், "பழைய பஞ்சைத் தண்ணியில போட்டுப் பாத்தியா?"

"மெதந்துச்சு."

"சும்மா மெதந்துச்சா, நல்லா மெதந்துச்சா?"

"வாத்து மாதிரி."

ரேடியோவின் ஒரு புருவம் மேலே போனது. "ஏன்டி, எத்தனை வருஷமா உங்கிட்ட பேசியிருப்பேன்? அதுல ஒண்ணே ஒண்ணுதான் வேலைக்கு ஆச்சு, அதையும் நீ வாளியில போட்டுப் பாத்துத்தான் நம்பின."

கப்சிப்புக்கு 'வந்துடேன்க்கா' என்கிற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த மடியில் இருந்த தலையைப் பார்த்தாள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலைக்கும் போகிற மகளை நினைத்தாள். இவள் கையால் தலை பின்னிய மகள். சொல்லை விழுங்கினாள்.

"தாய்ப் புட்டியைத் திறக்கப்போறேன்," என்றாள். "நீ அடைச்சது."

"தனியாவா? கை நடுங்காம பாத்துக்க. கழுத்தைச் சாய்ச்சுப் புடி, நேரா நிமித்தாத."

கப்சிப் வாய்த் துணியைக் கட்டிக்கொண்டாள். தீக்குச்சியைக் கிழித்தாள். சுடர் எழும்பியதும் திரையில் ரேடியோ என்ன செய்தாள் தெரியுமா? பழக்கம். எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம், யாரும் கேட்காத ஒரு வீட்டில் உட்கார்ந்துகொண்டு, உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதைப் பார்க்கக் கப்சிப்பால் முடியவில்லை. கையில் எடுத்த கரண்டியைக் கீழே வைத்தாள். துணியை இறக்கினாள். அந்த அறையில், எரிகிற விளக்கின் முன்னால் முதல் தடவையாக வாய் திறந்தாள்.

"போன்ல எச்சில் வராதுக்கா. நீ பேசு."

ரேடியோவின் கை மெல்ல இறங்கியது. "பேசலாமா?" என்றாள், உத்தரவு கேட்கிற மாதிரி.

கப்சிப் விளக்கை ஊதி அணைத்தாள். கையையும் மேஜையையும் மறுபடி துடைத்தாள். வேறு துணி வேண்டும். ஆணியில் தொங்கிய மற்றத் துணியை எடுத்துக் கட்டிக்கொண்டாள். மறுபடி கொளுத்தினாள். சட்டம் சட்டம்தான்.

முதலில் ரேடியோவிடமிருந்து தண்ணீர் வராத குழாய் மாதிரி இரண்டு சொட்டு வந்தது. குளிர் அதிகம் என்றாள். எதிர் வீட்டுக் கிழவர் ஒருவர் நாயிடம் பேசுகிறார், நாய் பதில் சொல்கிறது, அதற்கே பேச ஆள் இருக்கிறது என்றாள். அதற்குள் கப்சிப் தாய்ப் புட்டியின் பஞ்சைக் கழற்றினாள், கட்டைவிரல் பள்ளத்தில் தன் கட்டைவிரலை வைத்து. குழாய் திறந்துகொண்டது. மகள் கறி வேகவைக்கிற லட்சணம், மருமகன் சாப்பிடுகிற வேகம், அவன் அம்மா போனில் அழுகிற ராகம், பக்கத்து வீட்டுக்காரி இன்னும் மூக்கைச் சிந்துகிறாளா, தொப்பிக்காரர் தலையில் தொப்பி வளர்ந்து பூத்துவிட்டதா. கப்சிப் சுடரில் காட்டி, எடுத்து, போட்டு, மூடினாள். பதில் சொல்ல வழியில்லை. மேஜையில் தட்டினாள். தட்டுச் சத்தத்துக்குத் தகுந்தபடி அங்கே பேச்சு திரும்பியது. "ஆமாமா, அதைத்தான் சொல்ல வந்தேன்..."

புட்டிகள் தீர்ந்தன. கப்சிப் விளக்கை அணைக்கவில்லை. அணைத்தால் துணியை அவிழ்க்க வேண்டும், பேச வேண்டும், சரி வைக்கட்டுமா என்று யாராவது ஒருவர் கேட்க வேண்டும். வெறும் மேஜை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டாள்.

சில நாள் கழித்து வெள்ளை ஓடியது. ஒரு சோள மணியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, புட்டிக்குள் பனி இறங்கின மாதிரி. ஒரு கழுத்திலும் பச்சை இல்லை. ஒவ்வொரு புட்டியாகத் தூக்கிப் போனுக்கு நேரே காட்டினாள். ரேடியோ கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "பாத்தியா, நான் பேசப் பேசத்தான் வளருது," என்றாள். வீட்டுக்காரர் வெளியே இருந்து, "அண்ணி, அப்ப நீங்க அங்க இருக்கறதுதான் நல்லது. இங்க இருந்தா வீட்டுக்கே காளான் முளைச்சிருக்கும்," என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள்.

வருகிறேன் என்று ரேடியோ சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. குழந்தைக்குத் தலை நிற்கட்டும் என்றாள். தலை நின்றால் உட்காரும், உட்கார்ந்தால் தவழும், தவழ்ந்தால் ஓடும். ஓடுகிற பிள்ளையை விட்டுவிட்டு யார் வரப்போகிறார்கள் என்று கப்சிப்புக்குத் தெரியும். தெரிந்ததைக் கேட்கவில்லை.

இப்போதும் ஒவ்வொரு தடவையும் இரண்டு துணி கொதிக்கிறது. ஒன்று முகத்தில், ஒன்று ஆணியில். போன் அலமாரித் தட்டில் ஏறும். விளக்கு எரியும், குரல் ஓடும், வெள்ளை வளரும். தொப்பிக்காரருக்கு மகிழ்ச்சி. கப்சிப்புக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புட்டியைச் சாய்த்துப் பிடிக்கும்போது சில சமயம், பழைய நினைப்பில், வலது கன்னத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு நிற்பாள். அந்தப் பக்கம்தான் ரேடியோ நிற்பாள், அங்கேதான் அவள் மூச்சு படும். வெற்றிலை போட மாட்டாள், ஏலக்காய் மெல்லுவாள், அந்த வாசனை துணியைத் தாண்டி வரும். குரல் வந்துவிட்டது, மூச்சுக்கு என்ன செய்வது? அந்த மூச்சு ஒரு தடவை கன்னத்தில் பட்டுவிட்டுப் போகுமானால், போகட்டும், அலமாரி மொத்தமும் பச்சையாகட்டும் என்று நினைப்பாள்.

அங்கே ரேடியோ புருவத்தால் மருமகன் குறட்டையை நடித்துக் காட்டுவாள். கப்சிப் துணிக்குள் குலுங்கிக்கொண்டு, நகத்தால் மேஜையைக் கீறுவாள். கொஞ்சம் பொறுத்து, கடலுக்கு அந்தப் பக்கத்து மேஜை ஒன்றிலிருந்து ஒரு கீறல் சத்தம் திரும்பி வரும்.